குழாயை முதலில் பார்

காத்திருப்பு அறையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். தண்ணீர் வைத்திருந்த மேசை வரை போய்க் குடிக்காமல் திரும்பினாள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து பார்த்து மூடினாள்.

"நான் என் நாற்காலிய வீட்டுலேர்ந்தே கொண்டு வந்துட்டேன். நீங்கதான் இன்னும் தேடிக்கிட்டே இருக்கீங்க, அண்ணி" என்றான் சக்கர நாற்காலியில் இருந்த கொழுந்தன்.

அவள் சிரிக்கவில்லை. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

கொழுந்தன் கடைகளுக்குப் பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டிருந்தவன். ஆள் உயரம் என்பதால் கூட்டாளிகள் அவனுக்கு ஏணி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு மழைநாளில் நிஜ ஏணியிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கியது. கழுத்துக்குக் கீழே தண்டுவடம் செயலிழந்தது. மணிக்கட்டைத் தூக்க முடியும், விரல்கள் மடங்காது. கூட்டாளிகள் பெயரை மாற்ற யோசித்தார்கள். அவன்தான் வேண்டாம் என்றான். பழகிப்போச்சு, பலகையெல்லாம் மாத்தணும் என்றான்.

அவள் தண்டுவடக் காய வார்டின் பொறுப்புச் செவிலி. அவன் விழுவதற்கு முன்பே அந்த வார்டில்தான் இருந்தாள். அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு, அவனுக்கு இனி எதுவும் ஆகாது, அண்ணி இருக்கிறாள் என்று.

அன்று வந்திருந்தது நிதி கேட்க. செவிலியர்களின் ஆராய்ச்சிக்கு உதவும் அறக்கட்டளை அது. அவள் கேட்டது பெரிய விஷயமும் இல்லை. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு இடுப்புக்குக் கீழே நடப்பது தெரியாது. சிறுநீர் வடியச் செருகிய குழாய் எங்காவது மடிந்தால் வெளியே கட்டிய பை நிரம்பாது, வயிற்றுக்குள் சிறுநீர் தேங்கும். வலி தெரியாது. ஆனால் உடம்பு தன் வழியில் கூச்சல் போடும். ரத்த அழுத்தம் ஏறும். தலை பிளக்கும். முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும், மூக்கு அடைக்கும். குழாயை நேராக்கினால் சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். நேராக்காவிட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து ஆள் போய்விடலாம். இவர்களைப் பார்த்துப் பழக்கமில்லாத அவசரப் பிரிவுகளில் தலைவலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். படுக்க வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். பதற்றம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

அந்தச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், கொடுத்தபின் எத்தனை பேர் குழாயை முதலில் பார்க்கிறார்கள் என்று அளக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் விண்ணப்பம். இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை, மருத்துவர் யாரும் தலைமையில் இல்லையே என்றார்கள். வார்டின் அறுவை மருத்துவர் பெருந்தன்மையோடு தன் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளச் சொன்னார். பின்னால் வேண்டுமானால் போடுகிறேன் சார் என்றாள். அவர் பெருந்தன்மை அதோடு வற்றிவிட்டது. இரண்டாம் தடவை, காயத்தோடு வாழ்கிறவர்களின் குரல் எங்கே என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. குரல் வீட்டில் அடுத்த அறையில்தான் படுத்திருந்தது. அவள் போய்க் கேட்டாள்.

தனக்குத் தோன்றுவதைத்தான் சொல்வேன், சிரிப்பு வந்தால் சிரிப்பேன் என்று இரண்டு நிபந்தனை போட்டு அவன் ஒப்புக்கொண்டான். மூன்றாவது நிபந்தனை புதுக் கால்சட்டை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற மருத்துவர், குரலிலேயே நாடி பிடிக்கிற ரகம். அவருக்கு வலப்பக்கம் புள்ளியியல் பேராசிரியை. ஓரத்தில் டை கட்டிய நிர்வாகி ஒருவர். மற்ற இருவரும் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்ததும் அவள் கால் மேசைக்கடியில் ஆடத் தொடங்கியது. வாய் ஆடவில்லை. வார்டில் பணி மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல். பேராசிரியை எண்களைக் குடைந்தார். எத்தனை மருத்துவமனை, ஏன் அத்தனை, நடுவில் செவிலியர்கள் மாற்றலாகிப் போனால் என்ன செய்வீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பேராசிரியை தலையசைத்தார். அவர் தலையசைப்பவர் போலத் தெரியவில்லை. அதனால் அவளுக்குள் ஏதோ ஓர் இறுக்கம் தளர்ந்தது.

தலைவர் கொழுந்தன் பக்கம் திரும்பி, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்.

அவன் அந்த இரவைச் சொன்னான். காயம்பட்ட மறு வருடம். அண்ணி பணியில் இருந்தாள். அவனுக்குத் தலை வெடிப்பது போல இருந்தது. அண்ணன் பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். உட்கார வையுங்கள் என்று அவன் கெஞ்சினான். கத்தாதே, பக்கத்தில் நோயாளிகள் இருக்கிறார்கள் என்றார்களாம். பக்கத்துல இருக்கறவங்களுக்கு நானும் பக்கத்து நோயாளிதாங்க என்றான் கொழுந்தன். மேசைக்குப் பின்னால் இருவர் சிரித்தார்கள்.

பிறகு அவன் குரல் மாறியது. மூக்கால் பேசுவது போல ஆனது. அண்ணன் அன்றைக்குச் சுவரில் முட்டிக்கொண்டதைச் சொல்லும்போது இடையிடையே நின்றான். கண்ணோரம் சிவந்திருந்தது. நெற்றியில் ஈரம்.

இவன் இதை இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. விழுந்த நாளில் அழாதவன். ஆஸ்பத்திரியில் கழுத்தெலும்பை நேராக்கத் தலையில் ஆணி அடித்து எடை கட்டித் தொங்கவிட்டபோது, பலகை மாட்டினவனையே மாட்டுறாங்க என்றவன். கைக்குட்டையை எடுத்து அவன் பக்கம் நீட்டப் போனாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பதைப் பார்த்தாள். காகிதம் புரட்டியவர்கள் புரட்டுவதை நிறுத்தியிருந்தார்கள்.

பலிக்கிறது என்று நினைத்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

அவன் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினான். மூன்றாவது பாதியில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டான். காலருக்கு மேலே கழுத்தில் திட்டுத்திட்டாகச் சிவப்பு ஏறியிருந்தது. நாற்காலியின் கைமேல் கிடந்த கையில் மயிர் குத்திட்டு நின்றது.

அவள் மண்டியிட்டபோது அவளுடைய நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"தலை வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எப்பலேர்ந்து?"



"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். வார்டுக் குரல் அது. படித்த பெரியவர்கள் ஐந்து பேரும் நாற்காலியோடு சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். சுவரில் ஒன்றும் இல்லை. அதையே உற்றுப் பார்த்தார்கள்.

இடுப்புப் பட்டையைக் கழற்றினாள். கால்சட்டையை இறக்கினாள். காலையில் அவன் குறைப்பட்டுக்கொண்டிருந்தான். சிறுநீர்ப் பையை எப்போதும் போலக் கெண்டைக்காலில் கட்டினால் புதுக் கால்சட்டைக்குள் கோழிக்குஞ்சை ஒளித்து வைத்தது போலத் துருத்துகிறது என்றான். அவள் அவிழ்த்துத் தொடையில் உயர்த்திக் கட்டினாள். குழாயை விரலால் தடவிப் பார்த்தாள். அவன் அப்போது படுத்திருந்தான். நாற்காலியில் உட்கார வைத்தபின் அவள் மறுபடி பார்க்கவில்லை. உட்கார வைத்தபின் மறுபடி பார் என்பது அவள் எழுதிய பயிற்சிக் குறிப்பின் முதல் வரி.

தொடை இடுக்கில், பையைக் கட்டிய பட்டைக்கடியில், குழாய் கடிதம் மடித்தது போல மடிந்து கிடந்தது.

பட்டையை அறுத்தாள். குழாயை நிமிர்த்தினாள். பை நிறையத் தொடங்கியது. கைப்பையிலிருந்து ரத்த அழுத்தமானியை எடுத்து அவன் கையில் சுற்றினாள். எண் அவள் பயந்தபடியே இருந்தது. அடுத்த முறை குறைந்தது. அதற்கடுத்த முறை இன்னும் குறைந்தது. அவன் மூச்சு மூக்கு வழியாக வரத் தொடங்கியது.

"சுவத்தப் பாத்தது போதும், திரும்பலாங்க" என்றான் அவன். அவள் அதற்குள் அவனை மூடிவிட்டிருந்தாள்.

தலைவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தார். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முடிச்சுட்டே போறோம் என்றான் கொழுந்தன். தலைவர் தன் இடத்துக்குப் போய், எந்த விண்ணப்பமும் இந்தப் பிரச்சினையை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது என்றார்.

டை கட்டியவர் பாதி விளையாட்டாக, இது ஏற்பாடு செய்து நடந்ததா என்று கேட்டார்.

"இல்லைங்க. தப்பாக் கட்டினது நான்."

அதோடு விட்டிருக்கலாம். எல்லோர் முகத்திலும் இரக்கம் இருந்தது. கேட்டதைக் கொடுத்துவிடும் முகங்கள். பேராசிரியை மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீங்க எப்ப கவனிச்சீங்க?"

"கண்ணை மூடினப்ப."

"அதுக்கு முன்னாடி வேர்த்ததே. எனக்கே தெரிஞ்சுது."

"நானும் பார்த்தேன்."

"என்னன்னு நினைச்சீங்க?"

"அழறான்னு நினைச்சேன்."

பேராசிரியை குரலில் வன்மம் எதுவும் இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒரு படியைக் கேட்பது போலத்தான் கேட்டார். "இந்த ஊர்ல இதைப் பத்தி உங்களவிட அதிகமாத் தெரிஞ்சவங்க இருக்க மாட்டாங்க. நீங்களே குழாயை முதல்ல பார்க்கல. அப்ப பயிற்சி கொடுத்தா மத்தவங்க பார்ப்பாங்கன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

அவள் விண்ணப்பத்தின் பக்கங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தெரியாததால் பார்ப்பதில்லை என்றுதான் எல்லாப் பக்கமும் சொன்னது.

"தெரியலைங்க" என்றாள்.

தலைவர் நன்றி சொன்னார்.

கீழே வண்டியில் கணவன் காத்திருந்தான். சரிவுப் பலகையை இறக்கித் தம்பியை ஏற்றிக்கொண்டே எப்படிப் போச்சு என்று கேட்டான். அண்ணி கமிட்டி முன்னாடியே என் கால்சட்டையக் கழட்டிட்டாங்கண்ணா என்றான் தம்பி. கணவனுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டும் வேண்டாம் என்று வண்டியை எடுத்தான்.

வழியெல்லாம் அவளுக்குப் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு சிக்னலிலும் ஒன்று. திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். அடுத்த சிக்னல் வருவதற்குள் அந்தப் பதில் ஓட்டை விழுந்துவிட்டது. கடைசியில் பின்னால் திரும்பி, ஏன் உடனே சொல்லவில்லை என்று கொழுந்தனைக் கேட்டாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, அந்த முக்குக் கடைப் பலகை நான் மாட்டினது, இன்னும் சாயாம நிக்குது என்றான்.

அடுத்த நாட்களில் அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்கு என்று யோசித்தாள். கொழுந்தனின் குழாயைப் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்த்தாள். குழாய் தேஞ்சுடும் அண்ணி என்றான். வார்டில் இளம் செவிலியர்கள் அவள் வந்தால் எழுந்து ஏதாவது வேலை செய்வது போலக் காட்டிக்கொண்டார்கள்.

போன் வந்தபோது புதிதாக அடிபட்டு வந்த ஒருவரைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கழுத்து அசையாமல் ஆளையே ஒரு கட்டை போலப் புரட்ட வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர்தான் எண்ணிக்கை சொல்வார். அவர் விடச் சொல்லும் வரை யாரும் கையை எடுக்கக்கூடாது. தலை அவள் கையில் இருந்தது. சட்டைப்பையில் போன் துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. அவள் எண்ணினாள். புரட்டினார்கள். முதுகைத் துடைத்தார்கள், தோலைப் பார்த்தார்கள், தலையணை செருகினார்கள். அவள் விடச் சொன்னாள்.

தலைவரே பேசினார். இந்தச் சுற்றில் இல்லை என்றார். எல்லோருக்கும் வருத்தம்தான், ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கொடுக்க முடியவில்லை. பதில் கிடைத்தால் அடுத்த சுற்றுக்கு வாருங்கள், நான் எதிர்பார்ப்பேன். அவள் சரிங்க, நன்றிங்க என்றாள். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது போனை வைத்தபின்தான் உறைத்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கொழுந்தன் அறைக்குப் போனாள். அவன் கணினி முன்னால் இருந்தான். கையில் பட்டை கட்டி அதில் செருகிய குச்சியால் ஒரு கடைக்குப் பலகை வரைந்துகொண்டிருந்தான்.

"கிடைக்கல" என்றாள்.

அவன் குச்சியைத் தாழ்த்தினான்.

"ஏன்டா சொல்லல? இப்பவாவது சொல்லு."

டா என்று அவள் அவனைக் கூப்பிட்டதே இல்லை. தம்பி என்றுதான் சொல்வாள். அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"மூக்கு அடைக்கும்போதே தெரியும். குழாய்னும் தெரியும். நிறுத்திடலாம்னு உங்களப் பார்த்தேன். நீங்க கைக்குட்டைய நீட்ட வந்துட்டுக் கைய இழுத்துக்கிட்டீங்க."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சரி, வேலை செய்யுதுன்னு புரிஞ்சுது. நானும் விட்டேன்." அவன் குரலில் கேலி இல்லை. "இத்தனை வருஷமா நீங்கதான் எனக்குச் செய்றீங்க. குளிப்பாட்டுறது, துடைக்கறது, எல்லாம். நான் திருப்பிச் செய்யற மாதிரி ஒண்ணுகூட வந்ததில்ல. அன்னிக்கு வந்துச்சு. தலைவலிதானே, இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்கலாம்னு பார்த்தேன்."

"செத்திருப்ப."

"தெரியும். அது கொஞ்சம் லேட்டாத்தான் ஞாபகம் வந்துச்சு."

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். மூடிய கைக்குள்ளேயே அவள் மூளை ஓடத் தொடங்கிவிட்டது. அது அவளுக்கே கூச்சமாக இருந்தது. பேராசிரியையின் கேள்விக்கு இதுதான் பதில். எல்லாம் தெரிந்தவர்களே வாயைத் திறப்பதில்லை. எல்லாம் தெரிந்தவர்களே வேறெதையோ பார்க்கிறார்கள். பயிற்சி இரண்டாவது வேலை. முதல் வேலை, ஏன் சொல்வதில்லை என்று தெரிந்துகொள்வது. கையை எடுத்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை எழுதாதீங்க" என்றான்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உங்க கால் ஆடுது. இது அண்ணிக்குச் சொன்னது. கமிட்டிக்கு இல்ல. எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்னால போட முடியாதுங்கறது வேற விஷயம்."

அவள் காலை நிறுத்தினாள். பெயர் போடாமல் எழுதலாம், வேறு ஒருவர் என்று எழுதலாம் என்றெல்லாம் வாய் வரை வந்தது. அவன் மறுபடி பலகை வரையத் தொடங்கியிருந்தான். அவள் எழுந்து போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் விடுமுறை. கணினியைத் திறந்து புது விண்ணப்பத்தின் தலைப்புக் கட்டத்தில் எதையோ அடித்தாள், அழித்தாள். மாடிக்குப் போய்த் துணியை மடித்தாள். வந்து அடித்தாள், அழித்தாள். எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் அதற்குள் அவன் உட்கார்ந்திருந்தான். கணவன் எட்டிப் பார்த்து, காபி வேணுமா என்றான். வேண்டாம் என்றாள். பிறகு, ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டாள். அவன் பேசாமல் போய்ப் போட்டான்.

அடுத்த நாள் பணி நேரத்துக்கு வெகு முன்னாலேயே வார்டுக்குப் போனாள். சீருடை மாற்றவில்லை. ஜன்னலோரப் படுக்கையில் லாரி ஓட்டுநர் ஒருவர் இருந்தார். வாயாடி. இதே குழாய்க் கோளாறில், இதே வார்டில், போன வாரம் நினைவு தப்பி, பிழைத்துக்கொண்டவர். அவருக்கும் எல்லா அறிகுறியும் தெரியும். அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் பாடம் எடுப்பார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்குத் தலைவலி தொடங்கியதும் ஏன் மணியை அடிக்கவில்லை என்று கேட்டாள்.

அவர் அவள் மடியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "எழுதப் போறீங்களா சிஸ்டர்?"

"நீங்க சரின்னு சொன்னாத்தான். இப்ப சும்மா கேக்கறேன்."

"மேல யார்கிட்டயும் போகாதே? யாருக்கும் வேலை போயிடக் கூடாது."

"போகாது."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். திரையை இழுத்து விடச் சொன்னார். அவள் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மணி கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. அந்தப் புது நர்ஸ் பொண்ணு, காலைலேர்ந்து ஓடிக்கிட்டே இருந்துச்சு. அப்பதான் டப்பாவத் திறந்து முதல் வாய் எடுத்துச்சு" என்றார். "சரி, சாப்பிட்டு முடிக்கட்டும்னு பார்த்தேன்."

அவள் எதுவும் எழுதவில்லை. "அப்புறம்?" என்றாள்.